கோத்தகிரியில் இரண்டு கைப்பேசிகள்

டொராண்டோவிலிருந்து கோத்தகிரிக்குப் போய்வந்த இந்தப் பயணத்தில் செயலிகளும் இணையச் சேவைகளும் எப்படி இருந்தன என்று, அடுத்து ஊருக்குப் புறப்படவிருக்கும் நண்பர்கள் சிலர் கேட்டார்கள். பெரும்பாலானவை கனடாவில் உள்ளவற்றைவிட விரைவாகவே வேலை செய்தன. ஆனால் கனடாவில் மின்னஞ்சல் முகவரி ஒன்று இருந்தால் ஒருவருக்குப் பணம் அனுப்பிவிடலாம். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் இந்திய அலைபேசி எண் வேண்டும், அந்த எண்ணுக்குரிய சிம் எந்தக் கருவியில் இருக்கிறது என்பதும் முக்கியம். என் இடர்ப்பாடுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைத்தவை.

முதலில் இ-பாஸ், அதாவது வாகனத்துக்கு இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியிலிருந்து வரும் வாகனங்களுக்கு இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடைக்காலத்தில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இது தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே பதியலாம் என்று வைத்திருப்பது பாராட்டத்தக்கது. இருந்தாலும் படிவம் வாகன எண்ணைக் கேட்கிறது; கோவை விமான நிலையத்தில் எந்த வண்டி வரும் என்பது அன்று காலைவரை யாருக்கும் தெரிவதில்லை. ஓட்டுநரே மேட்டுப்பாளையத்தில் தேநீருக்கு நிறுத்திய இடத்தில் தம் எண்ணைக் கொண்டு பாஸ் எடுத்துவிட்டார், குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் குறியீட்டைக் காட்டினார், மேலே ஏறினோம். வாடகை வண்டியில் வருபவர்கள் இதை ஓட்டுநரிடமே விட்டுவிடுவது நல்லது.

மலை ரயிலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 120 நாட்களுக்குப் பதிலாக 60 நாட்களாகச் சுருங்கிவிட்டதால், பயணத் தேதி முடிவானதும் ஐஆர்சிடிசி கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இருக்கைகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். கிடைத்தால் மகிழ்ச்சி, கிடைக்காவிட்டால் பேருந்து இருக்கிறது.

உண்மையான பாடு யூபிஐயில்தான். வங்கிக் கணக்கிலிருந்து கைப்பேசி வழியே நேரடியாகப் பணம் செலுத்த 2016இல் தொடங்கிய இந்த முறையின் குறியீடு இன்று கோத்தகிரி மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டு விற்கும் அம்மாவின் தராசுக்குப் பக்கத்திலும் ஒட்டப்பட்டிருக்கிறது. கனடா உட்படப் பத்து நாடுகளின் அலைபேசி எண்களை வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்குகளோடு இணைத்து யூபிஐ பயன்படுத்தலாம் என்று, யூபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் (என்பிசிஐ) 2023 ஜனவரியிலேயே வங்கிகளுக்கு வழிவிட்டது. எனது வங்கியின் கிளைக்குச் சென்று கேட்டபோது, அங்கிருந்த இளைஞர் மிகுந்த மரியாதையோடு, அந்த வசதி தங்கள் செயலியில் வரவில்லை என்றும், இந்திய எண் ஒன்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதே எளிது என்றும் சொன்னார். விதியில் இருக்கும் வசதி எல்லா வங்கிகளின் செயலியிலும் இருந்துவிடுவதில்லை. ஆகவே புறப்படும் முன்பே உங்கள் வங்கியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்திய எண் வாங்கியதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. யூபிஐ செயலியைப் பதியும்போது, அந்தக் கைப்பேசியிலிருந்தே, அந்த சிம்மிலிருந்தே ஒரு குறுஞ்செய்தி தானாக வெளியே போகிறது. கணக்கில் உள்ள எண்ணும் செய்தி வந்த எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் செயலி திறக்கிறது. சிம்மை வேறொரு கருவிக்கு மாற்றினால் அங்கே மீண்டும் முதலிலிருந்து பதிய வேண்டும். புதிய கருவியில் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. திருட்டைத் தடுக்க இது மிகச் சரியான ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. வீட்டுக்கூரை வேலைக்கு முன்பணம் கேட்டுக் கொத்தனார் வாசலில் நிற்கும் காலையில் மட்டும் அவ்வளவு சரியாகத் தோன்றுவதில்லை.

இரண்டு சிம் போடக்கூடிய என் கனடாக் கைப்பேசி ஒன்றே போதுமே என்று நினைக்கலாம். சிக்கல் செயலிக் கடையில் இருக்கிறது. என் கணக்கு கனடாவுக்குரியது என்பதால் எனது வங்கியின் செயலி அங்கே காணப்படவில்லை. ஆப்பிள் கணக்கின் நாட்டை மாற்ற வேண்டுமானால் நடப்பிலுள்ள சந்தாக்களை முதலில் ரத்துசெய்ய வேண்டும். ஆண்ட்ராய்டு பயன்படுத்துபவர்களுக்கோ, பிளே ஸ்டோரில் ஒருமுறை நாட்டை மாற்றினால் அடுத்த ஓராண்டுக்கு மாற்ற இயலாது. இவ்வளவையும் ஒரு விடுமுறைக்காகச் செய்வது வீண் என்று முடிவுசெய்து, மாமா வீட்டில் சும்மா கிடந்த பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இந்திய சிம்மைப் போட்டு, அதைப் பணத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். படம், வரைபடம், அலுவலக மின்னஞ்சல் எல்லாம் கனடாக் கருவியில். அதற்கு இணையமும் இந்திய சிம்மின் ஹாட்ஸ்பாட்டிலிருந்துதான். வாட்ஸ்அப்பைக் கனடா எண்ணிலேயே விட்டுவிட்டேன். எண்ணை மாற்றினால் டொராண்டோக் குழுக்கள் அனைத்திலும் அந்தச் செய்தி தோன்றி, நிரந்தரமாக ஊர் திரும்பிவிட்டீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

இப்படி இரண்டு கருவிகளோடு திரிவது என்னைப் போன்றவர்களின் தலைவிதி என்று எண்ணியிருந்தேன். மாமாவும் அப்படித்தான் வாழ்கிறார் என்பதை அங்கே போன பிறகே கவனித்தேன். கொடநாடு சாலையில் ஒரு பள்ளத்தில் அவருடைய சிறு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பேசுவதற்கு ஒரு பட்டன் கைப்பேசி எப்போதும் சட்டைப்பையில்; வங்கி எண் இருக்கும் ஸ்மார்ட் கைப்பேசி, மழையில் நனைந்துவிடக் கூடாது என்பதற்காக, வீட்டில் சார்ஜரிலேயே. தொழிற்சாலை பச்சைத் தேயிலைக்குக் கொடுக்கும் பணம் வந்ததைச் சொல்லும் குறுஞ்செய்தியையும் மாலையில் வீடு திரும்பிய பின்புதான் பார்க்கிறார்.

2024இல் வந்த யூபிஐ சர்க்கிள் வசதியின் மூலம், ஒருவர் தம் கணக்கிலிருந்து பணம் செலுத்தும் உரிமையை வீட்டிலுள்ள இன்னொருவருக்கு அளிக்கலாம். முழு அனுமதி என்றால் மாதம் 15,000 ரூபாய்வரை, ஒரு முறைக்கு 5,000 ரூபாய்வரை அவர்களே செலுத்திக்கொள்ளலாம். பகுதி அனுமதி என்றால் ஒவ்வொரு முறையும் கணக்குக்காரர் தம் ரகசிய எண்ணை (PIN) இட்டு ஒப்புதல் தர வேண்டும். மாமா தம் மகளுக்கு இரண்டாவதைத்தான் கொடுத்திருக்கிறார். அவள் குன்னூரில் மருந்துக் கடையில் நின்று பொத்தானை அழுத்துவாள். ஒப்புதல் கேட்கும் செய்தி ஆளில்லாத வீட்டில் சார்ஜரில் கிடக்கும் கைப்பேசியில் ஒலிக்கும். “அத்தான், அப்பாகிட்ட நீங்களாவது சொல்லுங்க” என்று அவள் என்னிடம் முறையிட்டாள். சொன்னேன். “மாப்பிள்ளை, காசு போறது எனக்குத் தெரிஞ்சு போகணும், அவ்வளவுதான்” என்றார். அவர் சொல்வதில் தவறு காண முடியவில்லை. முழு அனுமதியிலும் ஒவ்வொரு செலவும் கணக்குக்காரருக்கு அறிவிக்கப்படுகிறது என்று விளக்கியபோது மட்டும் சற்று யோசித்தார்.

மலையில் சிக்னல் வளைவுக்கு வளைவு மாறும். கடைகளில் பணம் வந்ததைத் தமிழில் அறிவிக்கும் ஒலிப்பெட்டிக்குத் தனி சிம் உண்டு என்பதால், கடைக்காரருடைய பெட்டி இணைப்பில் இருக்க, வாங்குபவருடைய கைப்பேசி ஒரு கோடுமின்றி நிற்கும் காட்சியைப் பல இடங்களில் பார்த்தேன். கீழ்க்கோத்தகிரிப் பக்கம் ஒரு மளிகைக் கடைக்காரர், கேட்காமலேயே தம் வைஃபை கடவுச்சொல்லை அட்டையில் எழுதிக் கல்லாவில் தொங்கவிட்டிருந்தார். மலைப்பேருந்தில் மட்டும் சில்லறை வைத்திருங்கள். நடத்துநர் அடுத்த நிறுத்தத்துக்குள் சீட்டுக் கொடுத்து முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் சுழலும் வட்டத்தை அவருக்குக் காட்டிக்கொண்டிருப்பது அநியாயம்.

புறப்படும் முன் எடுக்க வேண்டியிருந்த கடைசி முடிவு, அந்த எண்ணை என்ன செய்வது என்பது. 90 நாட்கள் பயன்பாடே இல்லாமல் கிடந்தால் எண் துண்டிக்கப்படலாம். பிறகு அது வேறொருவருக்குப் போய்விடும். அப்படிக் கைமாறிய எண்களை யூபிஐயிலிருந்து நீக்கவும் 2025 ஏப்ரல் முதல் வங்கிகளும் செயலிகளும் தங்கள் பதிவுகளை ஒழுங்காகப் புதுப்பிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். சிம்மை மாமாவிடம் விட்டுவந்தால் அது என் கருவியில் இல்லாமல் போகும், செயலியும் திறக்காது. எனவே பன்னாட்டு ரோமிங்கை ஊரிலேயே திறக்கச் செய்து, பழைய ஆண்ட்ராய்டையும் மாமாவிடம் கேட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். ரீசார்ஜ் முடியும் தேதிகளை மாமாவின் மகள் தன் நாட்காட்டியில் குறித்துக்கொண்டிருக்கிறாள். தொகையை அவளுடைய அப்பா ஒப்புதல் தந்தவுடன் கட்டிவிடுவாளாம்.