கிளிநொச்சியில் ஒடிஷன் வீடியோ: சில்லறை வேடக்காரன் ஒருவனின் மதிப்பீடு

தொலைக்காட்சித் தொடர்களில் ஒரு நாள், இரண்டு நாள் வேடம் ஏற்கிற என்னைப் போன்றவர்களுக்குத் தேர்வு அழைப்பு என்பது, பெரும்பாலும் மாலை ஆறு மணிக்குப் பிறகு வட்ஸ்அப்பில் வந்து சேரும் அரைப்பக்க வசனமும், நாளை மத்தியானத்துக்குள் வீடியோ வேண்டும் என்ற ஒற்றை வரியும்தான். பெயர் பெற்றவர் ஒரு காட்சியில் தலைகாட்டினால் அது கௌரவ வேடம். நாங்கள் தலைகாட்டினால் "அந்த ஒரு சீன் ஆள்". சக்தி, வசந்தம், நேத்ரா ஆகிய தமிழ் அலைவரிசைகள் கொழும்பை மையமாகக் கொண்டவை. கிளிநொச்சியிலிருந்து அங்கு போக 300 கிலோமீற்றருக்கும் மேல். 2020இல் கொரோனா வந்து நேரடித் தேர்வுகளை முடக்கும் வரை, ஐந்து நிமிடத் தேர்வுக்காக இரவு பஸ் ஏறி, விடியற்காலையில் புறக்கோட்டையில் இறங்கி முகம் கழுவி, அன்றிரவே திரும்பிய பயணங்கள் எனக்குப் பல. இப்போது நேரில் போவதற்குப் பதிலாக அனுப்பும் ஒடிஷன் வீடியோவை, அதாவது நடிப்புத் தேர்வுக்கான வீடியோவை, கிளிநொச்சி நகரில், ஏ9 வீதியோரத்து மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் சிறிய ஸ்ரூடியோ ஒன்று எடுத்துத் தருகிறது. ஆறு தடவை அங்கே போய் வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பெயர்ப்பலகையில் திருமணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்றுதான் இருக்கிறது. ஒடிஷன் என்ற சொல்லே இல்லை. மணவறைக்குப் பின்னால் தொங்கவிடும் பட்டுத்திரைகளை ஒதுக்கிவிட்டுச் சாம்பல் நீலத் துணி ஒன்றை இழுத்துக் கட்டுகிறார்கள். கமரா புதியதல்ல, ஆனால் அதைக் கையாளத் தெரிந்தவர் இருக்கிறார். முன்னர் வேறோர் ஊரில் நான் எடுப்பித்த வீடியோவில் ரியூப்லைற் வெளிச்சம் என் முகத்தின்மேல் அலையலையாக ஓடியது. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆதலால் ஷட்டரை, அதாவது கமரா ஒவ்வொரு படத்துக்கும் ஒளி வாங்கும் நேரத்தை, ஐம்பதில் ஒரு பங்கு செக்கனில் வைக்க வேண்டும், அங்கே அறுபதில் விட்டிருந்தார்கள். இங்கே நான் வாய் திறப்பதற்கு முன்பே அதைச் சரிபார்த்துக்கொண்டார்கள். நெருங்கிய கட்டம் போட்ட சேர்ட்டுடன் போனபோது, கட்டங்கள் திரையில் நெளியும் என்று சொல்லி, மாற்றுச் சட்டை இல்லாத எனக்குத் தம் கடைப் பையனின் மண்ணிறச் சட்டையைக் கழற்றி வாங்கித் தந்தார்கள். தோள் சற்று இறுக்கம். மார்புவரை மட்டுமே சட்டத்துக்குள் வந்ததால் தெரியவில்லை.

ஆனால் இந்த இடத்தை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் கமரா அல்ல, எதிர்வசனம் படிக்கும் தம்பி. ஒடிஷன் வீடியோவில் எதிரே இருப்பவர் படத்தில் தோன்றமாட்டார். லென்ஸின் ஓரத்தில் நின்று மற்றப் பாத்திரத்தின் வசனங்களைச் சொல்வார். அவர் உரத்துச் சொன்னால் நம் குரல் அமுங்கிவிடும். செய்தி வாசிப்பதுபோலச் சொன்னால் நமக்குப் பதில் சொல்லவே வராது. இந்தத் தம்பி முல்லைத்தீவுப் பக்கத்தவர். தாழ்ந்த குரலில், நம் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். எங்கே காத்திருக்க வேண்டுமோ அங்கே காத்திருக்கிறார். நான் கூத்திலிருந்து வந்தவன். கோயில் வெளியில் ஒலிபெருக்கியில்லாமல் பாடிப் பழகிய தொண்டை எனக்கு. முதல் ஒத்திகையிலேயே அவர் சிரித்துக்கொண்டு, "அண்ணை, கடைசிப் பாயில இருக்கிற ஆச்சிக்குக் கேக்கத் தேவையில்லை, எனக்குக் கேட்டாக் காணும்" என்றார். இதைவிடச் சுருக்கமான நடிப்புப் பாடத்தை எந்த நெறியாளரும் எனக்குச் சொன்னதில்லை. காணிப் பத்திரத்துக்காக அலையும் தகப்பனுக்குப் பதில் சொல்லும் கிராம சேவகர் வேடத்துக்குப் படித்த அன்று, அவர் தகப்பனின் வசனத்தை முடித்துவிட்டு, அந்தாளுக்குப் பத்திரம் கிடைக்குமா என்று கேட்டார். எனக்கும் அந்த அரைப்பக்கத்துக்கு மேல் அனுப்பியிருக்கவில்லை.

குறைகள் இல்லாமலில்லை. ஒலிப்பதிவுக்காக மின்விசிறியை நிறுத்திவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மூன்றாவது தடவை எடுப்பதற்குள் நெற்றி மினுங்கத் தொடங்கிவிடும், ஒற்றியெடுக்கக் கைலேஞ்சி நாமே கொண்டுபோக வேண்டும். ஏ9இல் போகும் லொறிகளின் ஹோர்ன் சத்தம் நல்ல பதிவுகள் இரண்டைக் கெடுத்திருக்கிறது. இவற்றைக்கூடப் பொறுக்கலாம், பொறுக்க முடியாதது கல்யாண வீட்டுக் கைப்பழக்கம். முதல் தடவை என் முகத்தை மணமகன் முகம்போல வெளுப்பாக்கி, தொடக்கத்தில் நாதஸ்வரமும் சேர்த்துத் தந்தார்கள். வேடத்துக்கு ஆள் தேடுபவருக்கு நம் தோலின் நிறமும் கண்ணுக்குக் கீழுள்ள சுருக்கமும் உள்ளபடியே தெரிய வேண்டும். விவசாயிக்கும் நோயாளிக்கும் ஆள் கேட்கிறவர் அந்தச் சுருக்கத்தைத்தான் தேடுகிறார். ஆகவே, எடிற் எதுவும் வேண்டாம், இரண்டு நுனிகளையும் வெட்டினால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோப்பை வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பவும் விடாதீர்கள். அது படத்தை நசுக்கிவிடும். டொக்கியுமென்ற் என்ற வழியில் அனுப்பச் சொன்னால் அனுப்புகிறார்கள்.

என்னிடம் வாங்குவது ஒரு காட்சிக்கு 2500 ரூபாய், எத்தனை தடவை எடுத்தாலும் அதே தொகை. ஒரு நாள் வேடத்தின் சம்பளம் கைக்கு வர மாதக்கணக்காகும் தொழிலில் இது சிறிய தொகையல்ல. பஸ் கட்டணத்தோடும் இழந்த ஒரு நாள் கூலியோடும் ஒப்பிட்டால் மலிவுதான். ஆறு வீடியோக்களில் இரண்டுக்கு வேடம் கிடைத்தது. முகூர்த்த நாட்களிலும், வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை ஒட்டிய நாட்களிலும் அந்தத் தம்பி அங்கே இருக்கமாட்டார். வேறு ஆளை வைத்து எடுப்பதைவிட, முதல்நாள் இரவே அவருக்குத் தொலைபேசி எடுத்து, காலை ஏழு மணிக்கு லொறிகள் பெருகுமுன் போய்விடுவது நல்லது.