கோல்ஃப் ஃபிட்னஸ் கிட்: முதுகு வலி உள்ளவர்கள் எதை எடுக்கலாம், எதை ஓரம் வைக்கலாம்

"கோல்ஃப் ஃபிட்னஸ் கிட்" என்ற பெயரில் விற்கும் பைகளைத் திறந்தால், எந்தக் கம்பெனியாக இருந்தாலும், பெரும்பாலும் ஒரே சாமான்கள்தான். கைப்பிடி வைத்த ரப்பர் டியூப் ஒன்றிரண்டு, அதைக் கதவில் மாட்ட ஒரு நாடா, தொடையில் போடும் வளையப் பட்டைகள், ஒரு ஃபோம் ரோலர் (நுரை உருளை), எடை கூட்டிய ஸ்விங் குச்சி, இடுப்பில் கட்டும் ஒரு பெல்ட். அட்டையில் இரண்டு வாக்குறுதிகள் இருக்கும்: பந்து தூரம் போகும், முதுகு வலி போய்விடும். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் இரண்டுமே நடக்காது. முதலில் வலி அடங்க வேண்டும், அப்புறம்தான் தூரம். கிட்டோடு வரும் பயிற்சி அட்டைகளில் பல இதைத் தலைகீழாகப் போட்டிருக்கின்றன; முதல் நாளே குச்சியைச் சுழற்றச் சொல்கின்றன. சாமான்களை மதிப்பிடும் முன் அந்த அட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

கோல்ஃபில் கீழ்முதுகு ஏன் அடிபடுகிறது என்பது புரிந்தால்தான் எது உதவும் என்று பிரிக்க முடியும். கீழ்முதுகில் உள்ள 5 எலும்புகளும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்கு 10 முதல் 15 டிகிரிதான் திரும்பும். குனியவும் நிமிரவும் அவை நன்றாக வளைந்து கொடுக்கும், திருகத்தான் இடமில்லை. பேக்ஸ்விங்கின் (அடிக்கும் முன் கோல்ஃப் மட்டையை, அதாவது கிளப்பை, பின்னால் தூக்குவது) உச்சியில் தோளோ ஏறக்குறைய 90 டிகிரி திரும்பியிருக்கும். மிச்சத் திருப்பம் மேலே விலா எலும்புகள் சேர்ந்த நடுமுதுகிலிருந்தும், கீழே தொடை எலும்பு பொருந்தும் இடுப்பு மூட்டிலிருந்தும் வர வேண்டும். நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு இறுகிப்போவது இந்த இரண்டு இடங்கள்தான். அவை தராத டிகிரிகளைக் கீழ்முதுகு கொடுக்கப் பார்க்கிறது, அதுவும் பக்கவாட்டில் சாய்ந்தபடி, டவுன்ஸ்விங்கின் (கிளப்பைப் பந்தை நோக்கி இறக்குவது) முழு வேகத்தில். அந்தக் கணத்தில், எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் கீழ்முதுகு டிஸ்க்குகளில் விழும் அழுத்தம் உடல் எடையைப் போல 8 மடங்கு வரை போகும் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். கோல்ஃப் நட்சத்திரம் டைகர் வுட்ஸுக்கு 2014-இல் முதல் முதுகு அறுவை சிகிச்சை. மேலும் சில அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு 2017 ஏப்ரலில் கீழ்முதுகின் கடைசி எலும்பை அதற்கடியில் உள்ள எலும்போடு இணைத்தார்கள். 2019-இல் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றது அதற்கப்புறம்தான்.

பை வாங்குவதற்கு முன்பே, காசு செலவில்லாமல் இரண்டு சோதனைகள் செய்து பார்க்கலாம். நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்காருங்கள். முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு, கிளப்பை மார்புக்குக் குறுக்கே வைத்துக் கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள். முட்டி அசையாமல் ஒவ்வொரு பக்கமாகத் திரும்புங்கள். கிளப் 45 டிகிரியைத் தொட வேண்டும். தலையணை இல்லாமல் செய்தால் இடுப்பும் கூடவே திரும்பி, நடுமுதுகு இறுகியிருப்பதை மறைத்துவிடும். இரண்டாவது சோதனை: அதே நாற்காலியில் முட்டிகளை ஒட்டி வைத்து, ஒரு பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாக உயர்த்துங்கள், பிறகு மற்றதை. தொடை உட்பக்கமாக எவ்வளவு சுழல்கிறது என்பதை இது காட்டும். வலக்கை ஆட்டக்காரருக்கு இடது இடுப்பு மூட்டு குறைவாகச் சுழன்றால், பந்தை அடித்தபின் தொடரும் ஃபாலோத்ரூவில் இடுப்பு பாதியில் நின்றுவிடும், மார்பு மட்டும் ஓடும். அந்த வித்தியாசம் முழுவதும் கீழ்முதுகில் போய் இறங்கும். மூட்டு இளகும்வரை ஒரு தற்காலிக வழி உண்டு: இடது பாதத்தை இலக்குப் பக்கம் 20, 30 டிகிரி திருப்பி வைத்து ஆடுங்கள். பலருக்கு அன்றே பாரம் குறைவது தெரியும்.

கிரெக் ரோஸும் டேவ் ஃபிலிப்ஸும் 2003-இல் தொடங்கிய, கோல்ஃப் உடற்தகுதிக்கான டைட்டலிஸ்ட் பெர்ஃபாமன்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் உடல் பரிசோதனையும் இப்படித்தான் போகிறது: எந்த மூட்டு திரும்பவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் பயிற்சி. பயிற்சியாளரைத் தேடுபவர்களும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் இடுப்பு மூட்டைச் சோதிக்காமல் முதல் நாளே டம்பெல் கொடுப்பவரிடம் முதுகை ஒப்படைக்காதீர்கள்.

இனி பைக்குள் வருவோம். இதில் முழு மதிப்பெண் வாங்குவது டியூப். அதன் மேல் அச்சிட்டிருக்கும் பவுண்டு எண்ணை நம்ப வேண்டாம்; எவ்வளவு இழுத்தபோது அந்த எண் என்பதைப் பெரும்பாலான கம்பெனிகள் சொல்வதில்லை. நிறத்தையும் பொதுவாக எடுத்துக்கொள்ள முடியாது. தெராபேண்ட் என்ற கம்பெனியில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று பலம் ஏறும். இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் சிவப்பு சுமார் 1.7 கிலோ, பச்சை 2.1 கிலோ, நீலம் 2.6 கிலோ இழுக்கும். வேறு கம்பெனியின் சிவப்பு இதைவிடப் பல மடங்கு கடினமாக இருக்கலாம். முதுகு வலி உள்ளவருக்கு, கீழே சொல்லும் பயிற்சியை 10 முறை மூச்சு அடைக்காமல் செய்ய முடிகிற டியூப்தான் சரியானது.

அந்தப் பயிற்சியின் பெயர் பேலாஃப் பிரஸ். டியூபை மார்பு உயரத்தில் மாட்டி, அதற்குப் பக்கவாட்டில் நில்லுங்கள், எதிரே அல்ல. கால்கள் தோள் அகலம், முட்டி லேசாக மடங்கியிருக்கட்டும். இரண்டு கையாலும் கைப்பிடியை நெஞ்செலும்புக்கு முன் பிடித்து, டியூப் விறைப்பாகும்வரை ஓரடி தள்ளிப் போங்கள். இப்போது கைகளை நேராக முன்னால் நீட்டி, 3 நொடி வைத்திருந்து, மெதுவாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். டியூப் உங்களைத் தன் பக்கம் திருப்பப் பார்க்கும். திரும்பாமல் நிற்பதுதான் வேலை. பக்கத்துக்கு 8 முதல் 10, இரண்டு சுற்று. தவறு பெரும்பாலும் தோளில் தெரியாது, பாதத்தில்தான் தெரியும்: டியூப் பக்கத்துக் குதிகால் கனத்து, மற்ற பாதத்தின் பெருவிரல் தரையை விட்டுக் கிளம்பும். அப்படியானால் டியூப் அதிகம், அரை அடி கிட்டே வாருங்கள். கைகளை நீட்டும்போது மூச்சை வெளியே விடுங்கள். அடக்கினால் வயிறு முன்தள்ளி, கீழ்முதுகு உள்வளைந்துவிடும்.

இது பழகியபின், ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, டியூபைத் தலைக்கு மேல் உயரத்திலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காக இழுக்கும் பயிற்சிக்குப் போகலாம். முட்டி போட்டிருப்பதால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், நடுமுதுகு திரும்பியே ஆக வேண்டும். முட்டிக்கடியில் ஒரு மடித்த துணி போட்டுக்கொள்ளுங்கள்.

கிட் அட்டைகளில் இருக்கும் இன்னொரு பயிற்சி, அதே டியூபைப் பிடித்து டவுன்ஸ்விங் மாதிரி இழுப்பது. பார்க்க அசல் கோல்ஃப் மாதிரியே இருக்கும். ஆனால் டியூப் முடிவில்தான் அதிகம் இழுக்கும். கீழ்முதுகு ஏற்கெனவே திருகிச் சாய்ந்திருக்கும் அந்த இடத்தில், தாங்கவே கூடாத நேரத்தில் பாரம் ஏறும். வலி உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சி வேண்டாம்.

கதவு நாடாவைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். டியூப் முகத்தில் அடிக்கும் விபத்துகள் இங்கேதான் ஆரம்பம். நீங்கள் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்கும் கதவாக இருக்க வேண்டும். அப்போதுதான் இழுக்க இழுக்கக் கதவு சட்டத்தோடு இறுகும். நாடாவை கீல் இருக்கும் பக்கம் செருகுங்கள், தாழ்ப்பாள் பக்கம் அல்ல. நாடாவின் நுனியில் உள்ள நுரைக்கட்டை கதவுக்கு அந்தப் பக்கம் முழுதாகப் போய்விட்டதா என்று ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத் தாழிடுங்கள். டியூபைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் விரல்களுக்கு நடுவே வைத்து முழு நீளமும் உருவிப் பாருங்கள். நகக்கீறல் அளவு வெட்டு இருந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில்தான் முதலில் வெடிக்கும். வெயில் படும் காரின் பின்பெட்டியில் கோல்ஃப் பையோடு விட்டு வைப்பது ரப்பரைச் சீக்கிரம் கெடுத்துவிடும். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் லேடெக்ஸ் இல்லாத டியூபைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபோம் ரோலர் இரண்டாவது இடம், ஆனால் சரியானதாக இருந்தால் மட்டுமே. பையில் அடங்க வேண்டும் என்று பலர் 30 சென்டிமீட்டர் நீள ரோலர் தருகிறார்கள். 15 சென்டிமீட்டர் விட்டம் இருந்தால் நடுமுதுகுக்கு அது போதும். கட்டை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றால் அது சில மாதத்தில் முட்டை வடிவமாகிவிடும். முண்டு முண்டாக இருப்பதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. தோள்பட்டை எலும்புகளின் கீழ் நுனியில் ரோலரைக் குறுக்கே வைத்துப் படுத்து, கைகளால் தலையைத் தாங்கி, பிட்டம் தரையை விட்டு எழாமல், மூச்சை விட்டபடி பின்னால் சாயுங்கள். 5 மூச்சு. ரோலரை இரண்டு விரல் மேலே நகர்த்தி மறுபடியும். விலா எலும்புகள் முடியும் இடத்துக்குக் கீழே ரோலர் போகவே கூடாது. வலிக்கிற இடம் கீழ்முதுகு என்பதால் அங்கேயே உருட்டத் தோன்றும். ஆனால் அங்கே தாங்க விலாக்கூடு இல்லை, ரோலர் எலும்புகளை முன்னுக்குத் தள்ளும், தசை இன்னும் இறுகும்.

வளையப் பட்டைகளில் துணியால் ஆனது நல்லது. மெல்லிய ரப்பர் வளையம் தொடையில் சுருண்டு கயிறாகிவிடும். முட்டிக்கு மேலே போட்டுப் பக்கவாட்டில் 10 எட்டு போய் 10 எட்டு வர வேண்டும், உடம்பு ஊசலாடாமல். பிட்டத் தசை எரிய வேண்டும். எரிவது தொடையின் முன்பக்கம் என்றால் முட்டியை அதிகம் மடக்குகிறீர்கள்.

ஸ்விங் குச்சியைக் குறைசொல்ல முடியாது, ஆனால் வலி உள்ளவர் இதைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். நன்றாகச் செய்யப்பட்ட வகைகளில் சிந்தனை இருக்கிறது: சூப்பர்ஸ்பீட் என்ற கம்பெனியின் செட்டில் மூன்று குச்சிகள், ஒன்று டிரைவரைவிட (தூரமாக அடிக்கும் நீளக் கிளப்) 20 சதவீதம் லேசு, ஒன்று 10 சதவீதம் லேசு, ஒன்று 5 சதவீதம் கனம். லேசான குச்சி உடலை வேகத்துக்குப் பழக்குகிறது. கிட்டுகளில் வருவதோ பெரும்பாலும் ஒரே ஒரு கனமான கம்பி. அதை முழு வேகத்தில் சுழற்றினால், நிறுத்தும் வேலை முழுவதும் முதுகுக்குத்தான். மெதுவான வார்ம்-அப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு கைப்பக்கமும் சம எண்ணிக்கையில்.

பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடும் வலி இருக்கும் ஓரிரு நாள் கதகதப்பும் தைரியமும் தரும். இடுப்பு மூட்டையோ நடுமுதுகையோ அது திருப்பாது.

இத்தனை சாமான் போட்டும், மிக அவசியமான இரண்டு விஷயங்களைப் பெரும்பாலான கிட்டுகள் தொடுவதே இல்லை. ஒன்று இடுப்பு மூட்டின் சுழற்சி. தரையில் உட்கார்ந்து முன்கால் 90 டிகிரி மடங்கி முன்னே, பின்கால் 90 டிகிரி மடங்கிப் பக்கத்தில். கைகளைப் பின்னால் ஊன்றி, முட்டிகளை வைப்பர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றுங்கள், 10 முறை. பிட்டம் தரையில் பதியவில்லை என்றால் மடித்த போர்வை மேல் உட்காருங்கள். இன்னொன்று, வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு ஆய்வு செய்த ஸ்டூவர்ட் மெக்கில் பரவலாக்கிய மூன்று பயிற்சிகள்: ஒரு முட்டி மடக்கி, கைகளைக் கீழ்முதுகுக்கு அடியில் வைத்துத் தலையைச் சற்றே உயர்த்துவது, பக்கவாட்டுப் பிளாங்க் (ஒருக்களித்து முழங்கையில் ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிப்பது), நாலு காலில் நின்று எதிரெதிர் கைகாலை நீட்டுவது. ஒவ்வொன்றும் 10 நொடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். 6, 4, 2 என்று எண்ணிக்கையை இறக்கிக்கொண்டே போவது முறை. களைப்பு ஏறும் முன் நிறுத்துவதற்காகத்தான் இந்த இறக்கம். இவை எதற்கும் எந்தப் பையும் தேவையில்லை.

நேரத்திலும் கவனம் வேண்டும். இரவு படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். காலையில் மனிதர் ஒன்றரை சென்டிமீட்டர் வரை உயரமாக இருப்பது அதனால்தான். எழுந்த கையோடு குனிவதும் ரோலரில் படுப்பதும் டிரைவரைச் சுழற்றுவதும் அந்த விறைத்த டிஸ்க்கின் மேல்தான் விழும். அதிகாலை ஆட்டம் என்றால் எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடிவிட்டு முதல் பந்தை அடியுங்கள்.

வலி காலுக்குள் முட்டிக்குக் கீழே ஓடினால், பாதம் மரத்தால், பெருவிரலைத் தூக்க முடியவில்லை என்றால் கிட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். தொடைகளுக்கு நடுவே உணர்வு குறைவதும், சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுவதும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்.

மைதானத்துக்குத் திரும்பும்போது பட்டிங்கிலிருந்து (பந்தைக் குழிக்குள் உருட்டுவது) தொடங்கலாம் என்று நினைப்பார்கள்; அரை மணி நேரம் குனிந்தே நிற்பது பல முதுகுகளுக்கு முழு ஸ்விங்கைவிட மோசம். 10 நிமிடத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து நடந்துவிட்டு, சிப், அரை வெட்ஜ், 8 அயர்ன் என்று சின்ன அடியிலிருந்து பெரிய அடிக்கு ஏறுங்கள், டிரைவர் கடைசி. குழியிலிருந்து பந்தை எடுக்கும்போது ஒரு கையைப் பட்டரின் மேல் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் உயர்த்தி, முதுகு நேராக இருக்க இடுப்பு மூட்டில் மடங்கி எடுங்கள். 18 குழியிலும் இப்படியே.