ரிப்போர்ட் பட்டனுக்குத் தமிழ் தெரியாது: அஞ்சுக்கு ஒண்ணரை ஸ்டார்

சோஷியல் மீடியா ஆப் ஒண்ணோட ரிப்போர்ட் வசதியப் பத்தின ரிவ்யூ இது. வீடியோ கிளியரா வருதா, ஃபில்டர் நல்லாருக்கா, அதுக்கெல்லாம் ஆயிரம் பேர் எழுதிட்டாங்க. நம்ம வீட்டுப் புள்ளைக்கு எவனாச்சும் தொல்லை குடுத்தா அந்த மூணு புள்ளிய அமுக்கி ரிப்போர்ட் போடுறோம்ல, அதுக்கு அப்புறம் என்ன ஆகுதுன்னு யாரும் எழுதுறதில்ல. எந்த ஆப்னு சொல்லல, உங்க போன்லயும் கண்டிப்பா இருக்கும்.

எங்க அண்ணன் மக இங்க சிங்கப்பூர்ல செகண்டரி ரெண்டு படிக்கிறா. தமிழ் மொழி விழா சமயத்துல பேச்சுப் போட்டியில பேசுனத ஒரு நிமிஷ வீடியோவா போட்டிருந்தா. நல்லா பேசிருந்தா, தெரிஞ்சவங்க எல்லாம் வாழ்த்தி எழுதுனாங்க. அப்புறம் ஒருத்தன் அவ நிறத்தப் பத்தி ஆரம்பிச்சான், அவன் பின்னாடியே இன்னும் சில பேரு, சிலது தமிழ் எழுத்துல, சிலது இங்கிலீஷ் எழுத்துல அடிச்ச தமிழ். அதையாவது பல்லக் கடிச்சுக்கிட்டுப் போயிடலாம், "இந்தப் பொண்ணு எந்த பஸ்ல ஏறும் எந்த ஸ்டாப்ல இறங்கும்னு எனக்குத் தெரியும், ஒரு நாளைக்குப் பாத்துக்கிறேன்"னு ஒருத்தன் பஸ் நம்பரோட எழுதுனான் பாருங்க, அங்கதான் எங்களுக்கு வயித்தக் கலக்கிருச்சு. அது பத்தாதுன்னு அவ போட்டோவ எடுத்து அவ பேர்லயே போலி அக்கவுண்ட் ஒண்ணு திறந்து, ஸ்கூல் பசங்களுக்கெல்லாம் ஃபாலோ ரிக்வெஸ்ட் போக ஆரம்பிச்சிருச்சு.

சரி, ரிப்போர்ட் போடலாம்னு உக்காந்தா, மொதல்ல ஒரு லிஸ்ட் வருது. எனக்கு இது புடிக்கல, தொல்லை, வெறுப்புப் பேச்சு, வன்முறை, மோசடி, இப்படி. ஒண்ணுதான் தேர்ந்தெடுக்கலாம். அந்த பஸ் ஸ்டாப் கமெண்ட் தொல்லையா, மிரட்டலா, புள்ளைய பின்தொடர்றதா? எல்லாம்தான். ஆனா ஒரு வரி எழுதி விளக்குறதுக்கு எங்கயும் கட்டம் இல்ல. "இவளுக்கு 14 வயசு, இவன் எழுதியிருக்குற பஸ் நம்பர் நெசமாவே அவ போற பஸ்ஸு"ன்னு சொல்லணும், சொல்ல வழி இல்ல. என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த சர்வீஸோட பெரிய ஓட்டையே இதுதான், ஏன்னா அந்தக் கமெண்ட்ல ஒரு கெட்ட வார்த்தை கூடக் கெடையாது. அந்தப் புள்ளை யாரு, எங்க போகுதுன்னு தெரிஞ்சாத்தான் அது மிரட்டல்னே புரியும்.

பதில் சீக்கிரமா வந்துச்சு, அது உண்மை. டீ போட்டுட்டு வர்றதுக்குள்ள வந்துருச்சு. பாத்துட்டோம், எங்க சமூக விதிமுறைய மீறல, வேணும்னா நீங்க அவரை ப்ளாக் பண்ணிக்கலாம்னு. மறுபரிசீலனைக்குப் போட்டோம், அதுக்கும் அதே பதில், ஒரு எழுத்து மாறாம. நிறத்தப் பத்தி எழுதுனதுல தமிழ் எழுத்துல இருந்த ரொம்ப மோசமான ஒண்ண மட்டும் எடுத்தாங்க, அதையே இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருந்தது அப்படியே நின்னுச்சு.

போலி அக்கவுண்ட் கதை இன்னும் மோசம். சம்பந்தப்பட்ட ஆளு தன்னோட அடையாள அட்டைய போட்டோ புடிச்சு அனுப்பணுமாம். இங்க 15 வயசுலதான் ஐசி, அதான் அடையாள அட்டை, எடுப்பாங்க, அவளுக்கு இன்னும் ஐசியே வரல. அப்ப பாஸ்போர்ட் அனுப்புங்கன்னு வருது. போட்டோ திருடுனவன் எந்த அட்டையும் காட்டாம அக்கவுண்ட் திறந்துட்டான், திருட்டு குடுத்த புள்ளை மட்டும் பாஸ்போர்ட்ட அதே கம்பெனிக்கு அனுப்பி நான் நான்தான்னு நிரூபிக்கணும். இத யாரு யோசிச்சு வடிவமைச்சாங்களோ, அவங்க வீட்டுல ஒரு 14 வயசுப் புள்ளை இருந்தா இப்படி வச்சிருக்க மாட்டாங்க. அண்ணி அன்னைக்கு ராத்திரி தூங்கல. புள்ளை என்கிட்ட சொன்னது இன்னும் காதுல இருக்கு, "அத்தை, விடுங்க, எங்க கிளாஸ்ல யாருமே ரிப்போர்ட் போட மாட்டாங்க, போட்டாலும் ஒண்ணும் நடக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும்". 14 வயசுலயே இந்த முடிவுக்கு வந்துட்டாங்கன்னா அந்தப் பட்டன் எதுக்கு?

தினமும் கோடிக்கணக்கான போஸ்ட் வருது, எல்லாத்தையும் எப்படிப் பாக்குறதுன்னு கம்பெனிங்க சொல்றது வழக்கம். நான் அத அப்படியே ஏத்துக்க மாட்டேன். வீட்டு தீபாவளி வீடியோவுல பின்னாடி ஒரு சினிமாப் பாட்டு ஓடுனாப் போதும், போட்ட கொஞ்ச நேரத்துல சத்தத்த எடுத்துருது. பாட்டுக்கும் படத்துக்கும் உரிமை இருக்குறவங்களுக்காக யூடியூப் 2007லயே கண்டெண்ட் ஐடின்னு, தானாவே கண்டுபுடிக்கிற ஒரு முறைய கொண்டு வந்துருச்சு. 2019 மார்ச்ல நியூசிலாந்து கிரைஸ்ட்சர்ச்ல பள்ளிவாசல் தாக்குதல ஃபேஸ்புக்ல ஒருத்தன் நேரலையா ஓட்டுனான்ல, அடுத்த 24 மணி நேரத்துல அந்த வீடியோவோட 15 லட்சம் பிரதிய நீக்குனோம்னு அவங்களே சொன்னாங்க, அதுல 12 லட்சம் ஏத்தும்போதே தடுத்ததாம். அவ்ளோ முயற்சி பண்ணியும் தப்பிச்சுப் பரவுனது நெறைய, மறுக்கல. ஆனா ஒரே வீடியோவ அடையாளம் கண்டுபுடிக்கிறது மெஷினுக்கு சுலபம், ஒரு மனுஷன் இன்னொரு மனுஷன எப்படி மிரட்டுறான்னு புரிஞ்சுக்க அந்த மொழி தெரிஞ்ச ஆளு வேணும். அந்த ஆளுக்குச் சம்பளம் குடுக்கணும். அங்கதான் கைய இழுத்துக்குறாங்க.

தமிழ் ஒண்ணும் மூலையில கெடக்குற மொழி இல்ல. இந்த ஊர்ல நாலு அதிகாரபூர்வ மொழியில ஒண்ணு. அந்த ஆப் தமிழ்ல மெனு வச்சிருக்கு, தமிழ்ல விளம்பரம் ஓட்டுது, தேக்கா நகைக்கடை விளம்பரம் எனக்குத் தமிழ்ல வருது. காசு வாங்கும்போது தமிழ் தெரியுது, புகார் குடுத்தா தெரியல.

இன்னொரு சமாதானம், நாங்க வெறும் இடம் குடுக்குறவங்க, எழுதுறது மக்கள்னு. அமெரிக்காவுல 1996ல வந்த சட்டத்துல 230வது பிரிவுதான் இதுக்கு மூலம், மத்தவங்க எழுதுனதுக்குத் தளத்தப் பொறுப்பாளியா ஆக்கக்கூடாதுன்னு சொல்லுது. இன்டர்நெட் சின்னப் புள்ளையா இருந்தப்ப அது நியாயமா இருந்திருக்கலாம். நம்ம புளோக்குக்குக் கீழ நோட்டீஸ் போர்டு இருக்கே, அது யாரையும் கூப்புட்டு இதப் பாருன்னு காட்டாது. இந்த ஆப் காட்டுது. அந்த மிரட்டல் கமெண்ட்டுக்கு நெறைய பேர் பதில் போட்டதால அது மேல ஏறி மொத வரிசையில நின்னுச்சு, வாழ்த்துனவங்க எழுதுனது எல்லாம் கீழ போயிருச்சு. எது மேல வரணும்னு அவங்கதான் முடிவு பண்றாங்க, அப்ப பொறுப்பும் அவங்களோடதுதான்.

நல்லவேளை இங்க சட்டம் அப்படி நெனைக்கல. 2023 ஜூலை 18லேர்ந்து இணையப் பாதுகாப்புக்கு நடத்தை விதிமுறை அமல்ல இருக்கு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், எக்ஸ், யூடியூப், ஹார்ட்வேர்ஸோன்னு ஆறு தளத்த ஐஎம்டிஏ, அதான் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம், பேர் சொல்லி அதுக்குள்ள கொண்டு வந்துச்சு. பகடிவதை, வன்முறை, பாலியல், தற்கொலையத் தூண்டுறது மாதிரி விஷயங்களக் குறைக்க ஏற்பாடு வச்சிருக்கணும், புகார் குடுக்குற வழி சுலபமா இருக்கணும், குடுத்தவங்களுக்கு முடிவச் சொல்லணும், வருஷா வருஷம் அறிக்கை தரணும். மீறுனா 1 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் அபராதம் போடலாம். 2025 பிப்ரவரியில ஐஎம்டிஏ மதிப்பீட்டு அறிக்கையும் விட்டுச்சு, சாதாரண ஆளு மாதிரி தாங்களே புகார் போட்டுப் பாத்திருக்காங்க. பெரும்பாலான தளங்க சராசரியா அஞ்சு நாளோ அதுக்கு மேலயோ எடுத்திருக்கு, பல தளங்க நியாயமான புகார்லயே பாதிய, சிலது பாதிக்கும் மேல, மொத தடவை கண்டுக்கவே இல்ல. அதப் படிச்சப்பதான் இது எங்க வீட்டுக்கு மட்டும் நடந்தது இல்லன்னு எனக்கு உறைச்சுது.

ஒண்ணு மட்டும் சொல்லிடணும், அந்தப் பக்கம் உக்காந்து இதையெல்லாம் பாக்குற ஆளுங்க மேல எனக்குக் கோவம் இல்ல. நாள் முழுக்கக் கொடூரத்தப் பாத்துப் பாத்து மனசு ஒடஞ்சவங்க அவங்க, 2020ல அமெரிக்காவுல அப்படிப் பாதிக்கப்பட்ட ஊழியர்களுக்காக 52 மில்லியன் டாலர் குடுத்து ஃபேஸ்புக் வழக்க முடிச்சுக்கிச்சு. ஆளு பத்தாம, நேரம் பத்தாம, மொழி தெரியாம அவங்கள உக்கார வச்சிருக்குற மேலிடத்து மேலதான் கோவம்.

ஒண்ணரை ஸ்டார் எதுக்குன்னா, அக்கவுண்ட்ட பிரைவேட்டா மாத்துறது, தெரியாதவங்க கமெண்ட் போடாம தடுக்குறது, குறிப்பிட்ட வார்த்தை வந்தா மறைக்கிறது, இதெல்லாம் வேலை செய்யுது. வார்த்தை லிஸ்ட்ல தமிழ் வார்த்தையும் சேக்கலாம், இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிற மாதிரியும் தனியா சேத்து வைங்க. நடுவுல புள்ளி வச்சு அடிச்சா தப்பிச்சிரும், இருந்தாலும் பெரும்பாலானத புடிச்சிருது. ஆனா இது எல்லாமே புள்ளைய உள்ள அடைச்சுக் கதவச் சாத்துற வேலை, தொல்லை குடுத்தவன் சுதந்திரமாத்தான் சுத்துறான். அவ அந்த வீடியோவயே எடுத்துட்டா. எனக்கு அதுதான் தாங்கல.

கடைசியில அண்ணன் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துக்கிட்டு அக்கம்பக்க போலீஸ் நிலையத்துக்குப் போனாரு. அங்க இருந்த ஆபீசர் அந்த பஸ் ஸ்டாப் கமெண்ட்டப் பாத்ததும், இதத் தனியா எடுத்து வைங்கன்னாரு. பெருசா விளக்க வேண்டியதே இல்ல, அவரு மலாய்க்காரரு, நாங்க ஒரு வரியில மொழிபெயர்த்துச் சொன்னதுக்கே புரிஞ்சுக்கிட்டாரு. கொஞ்ச நாள் கழிச்சு போலி அக்கவுண்ட் காணாம போச்சு, யாரு எடுத்தா, ஏன் எடுத்தாங்கன்னு ஆப்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் தகவல் இல்ல.

இதே நெலமையில இருக்குறவங்களுக்கு: ப்ளாக் பண்றதுக்கு முன்னாடியே ஸ்கிரீன்ஷாட் எடுத்துருங்க, ப்ளாக் பண்ணிட்டா பல நேரம் உங்களுக்கே அது தெரியாது. போட்டவன் பேரு, தேதி, லிங்க் மூணும் தெரியணும். ஒருத்தரப் பயமுறுத்தவோ தொல்லை குடுக்கவோ அவங்க தனிப்பட்ட விவரத்த வெளியில போடுறது தொல்லைத் தடுப்புச் சட்டத்துல குற்றம், 2020லேர்ந்து. பேச ஆளு வேணும்னா இங்க உள்ள மாதர் அமைப்புகளோட மன்றமான எஸ்சிடபிள்யூஓ நடத்துற ஷீகேர்ஸ் நிலையம் 2023லேர்ந்து இருக்கு, இணையத் தொல்லைக்குன்னே, கவுன்சிலிங்கும் சட்ட ஆலோசனையும் கெடைக்கும். அப்புறம் 2025 நவம்பர்ல நாடாளுமன்றத்துல பாஸான சட்டப்படி இணையப் பாதுகாப்பு ஆணையம் ஒண்ணு வருது, 2026 முதல் பாதியில தொடங்குறதாத்தான் அறிவிப்பு. தொல்லை, விவரத்த வெளியிடுறது, பின்தொடர்றது, அந்தரங்கப் படம், சிறுவர் படத்த வச்சுக் கொடுமை, மொதல்ல இந்த அஞ்சையும் எடுத்துக்குவாங்க. போஸ்ட்ட எடுக்கச் சொல்லித் தளத்துக்கே உத்தரவு போடலாம். ஆனா அந்தரங்கப் படம் மாதிரி அவசரமான சிலது தவிர, பொதுவா மொதல்ல தளத்துல புகார் குடுத்திருக்கணும். அதனால ஒண்ணும் நடக்காதுன்னு தெரிஞ்சாலும் ரிப்போர்ட் போட்டு வைங்க, விதிமுறைய மீறலன்னு வர்ற அந்தப் பதிலையும் அழிச்சிராதீங்க.