மூணாறு மழையில் இரண்டு ஜோடி ஷூ

தேவிகுளத்துக்குக் கீழே, எங்கள் லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) பின்னாலிருந்து தேயிலைக் காட்டுக்குள் ஏறும் ஒற்றையடிப் பாதையில்தான் தினமும் ஓடுகிறேன். ஆனியில் பிடிக்கும் மழை ஆவணி வரை விடாது. இரண்டு ஜோடி ஷூக்களை மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் ஓடியாகிவிட்டது.

முதலில் வாங்கியது தண்ணீர் புகாத சவ்வு வைத்த ஷூ. விலை அதிகம். மழை அதன் மேல்துணி வழியாகப் புகவில்லை என்பது உண்மைதான். ஆனால் காலில் வழிந்து கணுக்கால் பக்கமாக உள்ளே இறங்கியது. ஓடையில் இறங்கினாலும் அதே கதைதான். வெளித்தண்ணீரை உள்ளே விடாத சவ்வு, உள்ளே வந்துவிட்டதை வெளியேயும் விடாது. அரை மணி நேரத்தில் விரல்கள் ஊறி வெளுத்து, குதிகாலில் கொப்புளம் கண்டுவிடும்.

இரண்டாவது, சாதாரண வலைத்துணி ஷூ. ஓடையைத் தாண்டிப் பத்திருபது அடி ஓடுவதற்குள் தண்ணீர் பிதுங்கி வெளியேறிவிடுகிறது. கால் ஈரமாகவே இருக்கும், கனக்காது. பருத்தி சாக்ஸை விட்டுக் கம்பளிக்கு மாறியதும் கொப்புளமும் நின்றது. மழைக்கு இதுதான் என் ஷூ.

இதன் அடியில் பிடிப்புக்காக உள்ள பற்களின் உயரம் 5 மில்லிமீட்டர். உயரத்தைவிட இடைவெளியைப் பாருங்கள். பற்கள் நெருக்கமாக இருந்தால் சேறு அப்பிக்கொண்டு அடிப்பாகம் வழவழப்பாகிவிடும். பாசி பிடித்த பாறையில் எந்தப் பல்லும் உதவாது. அங்கே அடியைக் குறுக்கி நடந்துவிடுகிறேன்.

காலில் ஏறி இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு வழி சொன்னது கொழுந்து எடுக்கும் என் அத்தை. உப்பையும் புகையிலையையும் துணியில் முடிந்து, நனைத்து, சாக்ஸின் மேல் தேய்க்க வேண்டும். "கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதே, நகத்தால் வாயோரத்தைத் தள்ளிவிடு" என்பார்.

2020 ஆகஸ்டில், மூணாறை அடுத்த பெட்டிமுடியில் கனமழையால் வந்த நிலச்சரிவு 70 பேரைக் கொண்டுபோனது. மழைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் நான் ஓடப் போவதில்லை.

தை மாதக் காலையில் புல் முழுக்க உறைபனி வெளுத்துக் கிடக்கும். அப்போது சவ்வு ஷூவை எடுக்கிறேன். பனி உருகிய ஈரம் மேலோடு நின்றுவிடுவதால் விரல்கள் மரத்துப்போவதில்லை.

உலர்த்த, உள்தகட்டை உருவிவிட்டுச் செய்தித்தாளைத் திணித்து வைக்கிறேன். ஒருமுறை அவசரத்துக்கு அடுப்போரம் வைத்ததில் வலைத்துணி ஷூவின் முனையில் பசை விட்டுவிட்டது. தைத்துப் போட்டு ஓடுகிறேன். முன்பாதத்துப் பற்கள் பாதி தேய்ந்துவிட்டன. வரும் ஆனிக்குள் அதே ரகத்தில் இன்னொரு ஜோடி வாங்க வேண்டும்.