பிறந்தநாள் துணுக்குக்கு எதை நம்புவது: அட்டையா, புள்ளிவிவரப் பக்கமா, சேபரா?

போன டிசம்பர் 7 காலையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வழக்கம்போல ஒரு பேஸ்பால் பிறந்தநாள் துணுக்கு போட்டேன். "இன்று ஃபௌஸ்டோ கார்மோனா பிறந்தநாள். 2007ல் கிளீவ்லேண்டுக்காக 19 வெற்றி, 8 தோல்வி. அந்த அக்டோபரில் யாங்கீஸுக்கு எதிரான ஆட்டத்தில் மைதானம் முழுக்கப் பூச்சி மொய்த்தபோதும் அசராமல் ஒன்பது இன்னிங்ஸ் வீசி, மூன்றே ஹிட் கொடுத்தவர்." பத்து நிமிடத்தில் குழுவிலேயே சின்னவன் பதில் போட்டான்: "அண்ணே, அவர் பேரும் அது இல்ல, பிறந்தநாளும் இது இல்ல."

அவன் சொன்னது சரிதான். 2012 ஜனவரியில் அமெரிக்க விசாவுக்காக சாண்டோ டொமிங்கோ தூதரகத்துக்குப் போனபோது அவர் கைதானார். உண்மைப் பெயர் ராபர்ட்டோ ஹெர்னாண்டஸ். பிறந்தது 1983 டிசம்பர் 7 அல்ல, 1980 ஆகஸ்ட் 30. நான் பார்த்து எழுதியது அலமாரியில் இருந்த, ஆட்டக்காரரின் படமும் விவரமும் அச்சிட்ட 2008ஆம் வருட பேஸ்பால் அட்டையை. அட்டை அன்றைக்குத் தெரிந்ததைச் சொன்னது. அதை இன்றைக்கும் நம்பியது என் தப்பு.

அதற்குப் பிறகுதான் எங்கிருந்து எடுத்து எழுதுவது என்று ஒழுங்காக உட்கார்ந்து யோசித்தேன். பேப் ரூத் பிறந்தநாளை எல்லோரும் போடுவார்கள். எனக்குப் பிடித்தது ஒரு ஆட்டம், ஒரு சீசன் ஆடிவிட்டுக் காணாமல் போனவர்கள். அவர்களைத் தேட மூன்று வழிகளையும் மாறி மாறிப் பயன்படுத்தியிருக்கிறேன்: டாப்ஸ் நிறுவனம் போட்ட பழைய அட்டைகளின் பின்பக்கம், பேஸ்பால்-ரெஃபரன்ஸ் தளத்தின் பிறந்தநாள் பட்டியல், அப்புறம் சேபர் என்று எல்லோரும் சொல்லும் அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கத்தின் வாழ்க்கை வரலாறுகள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இப்போது சேபர் ஆள்.

அட்டைகள் மேல் எனக்கு இன்னும் பாசம் உண்டு. பிறந்த தேதி, ஊர், உயரம், எடை, ஒரு கார்ட்டூன், அதன் கீழே ஒரு வரித் துணுக்கு. இதைவிடச் சுருக்கமாக ஒரு மனிதனைச் சொல்ல முடியாது. அதன் பிழைகளே தனிச் சுவை. 1959 அட்டையில் லூ பர்டெட் என்ற வலது கைப் பிட்சர் (பந்து வீசுபவர்) வேண்டுமென்றே இடது கையில் வீசுவதுபோல நின்று புகைப்படக்காரரை ஏமாற்றினார். 1969ல் ஔரெலியோ ரோட்ரிகஸ் அட்டையில் இருப்பது அவரே அல்ல, மட்டை எடுத்துக் கொடுக்கும் பையன். சிரித்துக்கொண்டே ஒரு வாரம் துணுக்கு ஓட்டலாம். ஆனால் அச்சடித்தது அச்சடித்ததுதான், பிழையோடு பத்திரமாக உறையில் இருக்கும். அதோடு, ஒரே ஒரு ஆட்டம் ஆடியவருக்கு யார் அட்டை போடுவார்கள்? எனக்கு வேண்டியவர்கள் பெரும்பாலும் அந்த உறைகளில் இல்லை. விலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற இரண்டும் இலவசம்.

பேஸ்பால்-ரெஃபரன்ஸை ஷான் ஃபோர்மன் 2000ல் தொடங்கினார். வேகத்தில் அதை அடிக்க எதுவும் இல்லை. தேதியைத் தட்டினால் அன்றைக்குப் பிறந்த அத்தனை பேரும் வரிசையில் வந்து நிற்பார்கள். பிப்ரவரி 29ஐத் தட்டிப் பாருங்கள்: 30களின் பெப்பர் மார்ட்டின், 50களின் ஆல் ரோசன், 70களில் இடது கை ரிலீஃப் பிட்சராக (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து வீசுபவர்) இருந்த ஸ்டீவ் மிங்கோரி, 1976ல் பிறந்த டெரன்ஸ் லாங். லீப் வருடத்துக்கு ஒரு துணுக்கு ரெடி. அதன் கட்டணத் தேடல் கருவியை நான் ஒரு மாதம்தான் வைத்திருந்தேன். கேள்வி கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது புதையலாக இருக்கலாம். எனக்கு இலவசப் பக்கமே போதும்.

எண்கள் அங்கே சில சமயம் விடுகதை போட்டுவிட்டு நின்றுவிடும். 1945 பிப்ரவரி 11ல் பிறந்த ஜான் பச்சோரெக்கின் வரி: ஒரு ஆட்டம், மூன்று முறை அடித்து மூன்று ஹிட் (அடித்துவிட்டுத் தளம் சேர்வது), இரண்டு வாக் (நான்கு தவறான பந்து வந்தால் அடிக்காமலே முதல் தளம் போவது), நான்கு ரன், பேட்டிங் சராசரி 1.000. ஹூஸ்டன் அணிக்காக 1963 செப்டம்பர் 29ல் ஆடியபோது வயது 18. அப்புறம் ஒன்றுமே இல்லை. 1950 பிப்ரவரி 15ல் பிறந்த லாரி யவுண்டின் வரி இன்னும் மோசம்: ஒரு ஆட்டம், மற்றதெல்லாம் பூஜ்யம். ஒரு பந்துகூட வீசாத பிட்சரா என்று கேட்டால் எண்களிடம் பதில் இல்லை. பச்சோரெக்குக்கு முதுகு போய்விட்டது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு உச்ச நிலை ஆட்டமான மேஜர் லீக் பக்கம் திரும்பவே முடியவில்லை, கலிபோர்னியாவில் உடற்பயிற்சி ஆசிரியரானார். யவுண்ட் 1971 செப்டம்பர் 15ல் பந்து வீசும் மேட்டுக்குப் போய், கை சூடாக்கச் சில பந்து வீசும்போதே முழங்கை வலித்துத் திரும்பிவிட்டார். பெயர் அறிவிக்கப்பட்டுவிட்டதால் ஆடியதாகக் கணக்கு. அவர் தம்பி ராபின் யவுண்ட் 3,000 ஹிட் தாண்டி ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார். கதையின் இந்தப் பாதிக்கு வாழ்க்கை வரலாறுதான் வேண்டும்.

ஆனால் கதை சுவாரஸ்யம் என்பதற்காக மட்டும் நான் சேபர் பக்கம் சாயவில்லை. தேதி தப்பானால் யார் திருத்துகிறார்கள், எப்படித் திருத்தினார்கள் என்று தெரிகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

நாம் ரசிக்கும் துணுக்குகளில் பாதி பிறந்த தேதியின் தலையில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஜோ நக்ஸ்ஹால் 1944 ஜூன் 10ல் சின்சினாட்டிக்காக முதல் பந்து வீசியபோது வயது 15 வருடம் 316 நாள். எதிரணி கார்டினல்ஸ் 13-0 என்று முன்னிலையில் இருந்த ஆட்டம். பையன் மூன்றில் இரண்டு பங்கு இன்னிங்ஸில் ஐந்து வாக், ஐந்து ரன் கொடுத்துவிட்டுப் போனான், திரும்பி வர 1952 ஆனது, வந்து 135 வெற்றி எடுத்தார். அந்த 316 என்ற எண் 1928 ஜூலை 30 என்ற தேதியிலிருந்து எண்ணியது. தேதி ஒரு நாள் நகர்ந்தால் துணுக்கும் நகரும்.

தேதி நகர்வது அபூர்வமும் அல்ல. ரஃபேல் ஃபுர்கால் 2000ல் 19 வயதுச் சிறுவனாக வந்து சிறந்த புதுமுகம் விருது வாங்கினார் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் எழுதினார்கள். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விசாவுக்கான ஆவணச் சோதனை இறுகியது. பல ஆட்டக்காரர்களின் வயது ஒரே மூச்சில் கூடியது, ஃபுர்காலும் அறிமுகமானபோது 22 என்று ஆனது. 19 வயது அதிசயம் என்ற துணுக்கு அன்றோடு செத்தது. 2011ல் மயாமியின் லியோ நூன்யெஸ் வேறு பெயர்க்காரர், ஹுவான் கார்லோஸ் ஒவியெடோ என்று தெரிந்தது. வயதைக் குறைத்துச் சொல்வது இந்தக் காலத்து விஷயம் மட்டுமல்ல. அதற்கு அங்கே 'பேஸ்பால் வயது' என்றே பெயர். இதில் நமக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. என் அப்பாவுக்கே பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி ஒன்று, பாட்டி சொன்ன தேதி ஒன்று. பென்ஷன் வந்தது வாத்தியார் தேதிக்கு.

சில சமயம் ஆளே கிடையாது. 1912ல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் ஆட்டம் ஒன்றின் ஸ்கோரில் லூ பிராக்டர் என்று ஒரு பெயர். ஒரு வாக், அவ்வளவுதான் மொத்த வாழ்க்கை. பல பத்தாண்டுகள் கலைக்களஞ்சியங்களில் கம்பீரமாக இருந்தார். பிறகு ஆராய்ச்சியாளர்கள் தோண்டியபோது அன்றைக்கு உண்மையில் ஆடியது பீட் காம்ப்டன். தந்தி அனுப்பியவர் தன் பெயரையே நைஸாகச் செருகிவிட்டார் என்று சொல்கிறார்கள். தந்தி ஆபீஸில் உட்கார்ந்தபடியே மேஜர் லீக் ஆட்டக்காரராகிவிட்டார் மனுஷன்!

இந்த மாதிரி தோண்டும் வேலையைத்தான் சேபர் 1971லிருந்து செய்கிறது. பாப் டேவிட்ஸ் கூப்பிட்டு கூப்பர்ஸ்டவுனில் பதினாறு பேர் கூடித் தொடங்கிய சங்கம். அதில் ஒருவர் பில் ஹேபர், டாப்ஸ் நிறுவனத்தில் அட்டை வேலை பார்த்தவர். பகலில் அட்டை, மற்ற நேரத்தில் காணாமல் போன ஆட்டக்காரர்களின் பிறப்பு, இறப்பு விவரங்களைத் தேடுவது. நான் அட்டையை விட்டுச் சேபருக்கு வந்தேன் என்றால் அவர் எனக்கு முன்னாலேயே இரண்டிலும் இருந்தார். பிறப்பு, இறப்பு விவரங்களைச் சரிபார்க்கவே சங்கத்தில் தனிக் குழு உண்டு. அவர்கள் கண்டுபிடிக்கும் திருத்தங்கள்தான் மற்ற தரவுத்தளங்களுக்கும் போய்ச் சேர்கின்றன.

அப்படியானால் பேஸ்பால்-ரெஃபரன்ஸிலேயே சரியான தேதி இருக்குமே, போதாதா? இருக்கும். ஆனால் ஏன் சரி என்று பெரும்பாலும் தெரியாது. தேதி மாறியிருந்தால் புதுத் தேதி மட்டும் அமைதியாக உட்கார்ந்திருக்கும். சேபர் கட்டுரையின் அடியில் குறிப்புகள் இருக்கும்: மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள், ராணுவப் பதிவு, உள்ளூர்ப் பத்திரிகை இரங்கல் செய்தி. குழுவில் யாராவது "அண்ணே..." என்று ஆரம்பித்தால் எடுத்துக் காட்ட என்னிடம் ஏதாவது இருக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. 2002ல் தொடங்கிய இந்த வாழ்க்கை வரலாற்றுத் திட்டம் ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது என்றாலும், மேஜர் லீக்கில் ஆடியவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். நான் தேடும் சின்ன ஆட்டக்காரர்களில் பலருக்குக் கட்டுரை இல்லை. எழுதுகிறவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள், ஆகவே ஒன்று பட்டுப்போல ஓடும், அடுத்தது சீசன் சீசனாகக் கணக்கு ஒப்பிக்கும். 2020 டிசம்பரில், அந்தக் காலத்தில் கறுப்பின ஆட்டக்காரர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக் என்று ஏற்றபோது ஏறக்குறைய 3,400 பேர் ஒரே நாளில் பட்டியலுக்குள் வந்தார்கள். அவர்களில் பலருக்கு இன்னும் பிறந்த தேதியே உறுதியாகவில்லை. அவர்களை எப்படிப் பிறந்தநாள் துணுக்கில் கொண்டு வருவது என்பதற்கு என்னிடம் நல்ல வழி இல்லை. முதல் ஆட்ட நாளில் போட்டுப் பார்க்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆட்டக்காரர்களை நான் அதிகம் தொட்டதில்லை, அந்தப் பக்கம் போகிறவர்கள் என் பேச்சை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

மூன்றும் ஒரே ஆளை எப்படிக் காட்டும் என்பதற்கு எட்டி கேடல். 1925 ஜூன் 8, சிகாகோ. புள்ளிவிவரம் சொல்வது: ஒரு ஆட்டம், ஒரு வாக். எங்கள் குழுவில் இதை மட்டும் போட்டிருந்தால் ஒரு கட்டைவிரல்கூட வந்திருக்காது. உயரம் 3 அடி 7 அங்குலம் என்று சேர்த்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். மீதி வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. 1951 ஆகஸ்ட் 19, பிரவுன்ஸ் உரிமையாளர் பில் வீக் ஏற்பாடு. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ஒரு போலி கேக்குக்குள்ளிருந்து கேடல் குதித்தார். அது வெறும் வேடிக்கை என்று கூட்டம் நினைத்தது. இரண்டாவது ஆட்டத்தில் மட்டையோடு நடந்து வந்தார். முதுகில் எண் 1/8, நம் கணக்கில் அரைக்கால். அந்தச் சட்டை ஒன்பது வயதுப் பையன் பில் டிவிட்டுடையது. அவர்தான் பின்னாளில் கார்டினல்ஸ் அணியின் உரிமையாளரானார். நடுவர் எட் ஹர்லி ஆட்சேபித்தார், மேலாளர் ஜாக் டெய்லர் கையோடு வைத்திருந்த ஒப்பந்தத்தைக் காட்டினார். டெட்ராய்ட் பிட்சர் பாப் கெய்ன் நான்கு பந்து வீசினார், நான்கும் உயரம். அடுத்த நாளே லீக் தலைவர் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்.

துணுக்கு இங்கே முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கேடல் 1961ல் 36 வயதில் இறந்தார். இறுதிச் சடங்குக்குப் பேஸ்பால் உலகத்திலிருந்து போன ஒரே ஆள் பாப் கெய்ன், மனைவியோடு. ஜூன் 8 அன்று இதைப் போட்டதும் வழக்கமாகச் சிரிப்புப் படம் போடுகிறவர்கள்கூட ஒன்றும் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சின்னவன் மட்டும் கேட்டான்: "அந்த பிட்சர் பிறந்தநாள் என்னைக்கு அண்ணே?"

அதனால் இப்போது என் வழக்கம் இது. முந்தின நாள் இரவு பட்டியலை பேஸ்பால்-ரெஃபரன்ஸில் எடுக்கிறேன், சேபரில் கட்டுரை இருப்பவரை மட்டும் தேர்ந்தெடுக்கிறேன், அட்டை கையில் இருந்தால் படம் எடுத்து மேலே ஒட்டுகிறேன். கட்டுரை இல்லாதவர் எவ்வளவு சுவாரஸ்யமாகத் தெரிந்தாலும் தள்ளி வைக்கிறேன். கார்மோனா இனி ஆகஸ்ட் 30ல் ஹெர்னாண்டஸ் என்ற பெயரில் வருவார். அதே பெயரில் 1964 நவம்பர் 11ல் பிறந்த, 326 சேவ் (கடைசியில் வந்து முன்னிலையைக் காப்பாற்றியது) எடுத்த இன்னொரு பிட்சரும் இருக்கிறார் என்பதால் அங்கேயும் ஒரு குழி காத்திருக்கிறது.

பாப் கெய்ன் பிறந்தது 1924 அக்டோபர் 16, கன்சாஸில். கேடலுக்குப் பந்து வீசிய அடுத்த வருடமே அவரை பிரவுன்ஸ் வாங்கியது. 1952 ஏப்ரல் 23ல் அதே பிரவுன்ஸ் சட்டையில் கிளீவ்லேண்டின் பாப் ஃபெல்லருக்கு எதிராக வீசி, இருவருமே ஆளுக்கு ஒரு ஹிட் மட்டும் கொடுத்த ஆட்டத்தை 1-0 என்று ஜெயித்தார். அக்டோபர் 16 துணுக்கை இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.