கண்ணா, காகிதமா, எச்சிலா? நாயின் இனத்தை எதை வைத்து நம்புவது

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு மழை நாளில், வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருமுனையிலிருந்து ஒரு பெட்டைக் குட்டியைத் தூக்கி வந்தோம். செம்பட்டை நிறம் என்பதால் செவலை என்று பேர். ஆறு மாதத்தில் கால் நீண்டு, வயிறு ஒட்டி, முகம் கூராக வந்தது. பால்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, "சிப்பிப்பாறை கிராஸ்ணா இது. இடுப்பைப் பாருங்க, ஒரு கைக்குள்ள அடங்கிடும்" என்றார். சிப்பிப்பாறை, ஒல்லியான நம்மூர் வேட்டை நாய். கால்நடை மருத்துவரோ "நாட்டு நாய்தான், நல்லா வளர்ந்திருக்கு" என்றார். யார் சொல்வது சரி என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

முதலில் கண். நம் பக்கத்தில் கண்ணுக்கு மதிப்பு அதிகம். பொய்கைச் சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவார்கள், பெரும்பாலும் தப்பாது. ஆனால் பல் வயதோடு நேராகச் சேர்ந்தது. நாயின் தோற்றம் அதன் பாட்டன் பூட்டனோடு அப்படிச் சேர்ந்ததல்ல. முடி நீளமா, சுருளா, மீசை உண்டா என்பதைப் பெரும்பாலும் மூன்றே மூன்று மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. அவற்றில் மீசைக்கானது ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே வெளியே தெரியும், மற்ற வழிகள் அதன் பின்னால் மறைந்துவிடலாம். அமெரிக்காவில் கால்நடை மருத்துவர் விக்டோரியா வோய்த்தின் குழு 2009-ல் இதைச் சோதித்தது. காப்பகங்கள் குறிப்பிட்ட இனம் சொல்லியிருந்த 16 கலப்பு நாய்களில், சொன்ன இனம் டி.என்.ஏ-வில் இருந்தது 4 நாய்களுக்கு மட்டும். தினமும் நாய் பார்க்கிறவர்களுக்கே இந்தக் கதி.

அடுத்தது காகிதம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழில் தாய், தகப்பன், அதற்கு மேலுள்ள தலைமுறைகள் எல்லாம் இருக்கும். ராஜபாளையம் போன்ற நம் இனங்களையும் பதிகிறார்கள். சான்றிதழின் பலம், எழுதிக் கொடுத்த வளர்ப்பாளரின் நேர்மைதான். குட்டி வாங்கப் போனால், அதன் தோலுக்கடியில் உள்ள மைக்ரோசிப் எண்ணை மருத்துவரிடம் ஸ்கேன் செய்து, காகிதத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். கைபேசியில் காட்டும் "அப்பா படம்" எதற்கும் சான்று ஆகாது.

மூன்றாவது எச்சில். டி.என்.ஏ என்றதும் ஒரே சோதனை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் மூன்று வேறு வேறு வேலைகள், நம்பகமும் வேறு. இந்தக் குட்டி இந்தத் தாய் தகப்பனுக்குப் பிறந்ததா என்பது ஒன்று. இதில் சோதனை மிக உறுதி. ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறு உண்டா என்பது இன்னொன்று. இதுவும் நேரடியான பதில். இனம் என்ன, எத்தனை சதவீதம் என்பதுதான் மூன்றாவது, அது கணிப்பு. நாயின் மரபணுத் துண்டுகளைத் தன்னிடம் இருக்கும் இனங்களின் தொகுப்போடு பொருத்தி, எது நெருக்கமோ அதைச் சொல்கிறது. தொகுப்பில் இல்லாத இனத்தை அது சொல்லவே முடியாது. 2007-ல் வந்த விஸ்டம் பேனல் என்ற சோதனை பார்த்த மரபுக் குறிகள், அதாவது டி.என்.ஏ-வில் ஒப்பிடும் இடங்கள், 300-க்குச் சற்று மேல். இன்று எம்பார்க் போன்ற சோதனைகள் 2 லட்சத்துக்கும் மேல் பார்க்கின்றன. குறி கூடியதால் துல்லியம் கூடியது, ஆனால் தொகுப்பில் உள்ள ஓட்டையை அது அடைக்காது.

செவலைக்கு இரண்டு இடத்தில் அனுப்பினேன். பஞ்சுக் குச்சியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் உருட்டும்போது கடிக்கப் பார்த்தாள். மனைவி தலையைப் பிடித்துக்கொள்ள, ஒருவழியாக எடுத்தோம். விலை குறைவான நிறுவனம் விண்ணப்பத்தோடு படமும் கேட்டது. பாதி கிரேஹவுண்ட், மிச்சம் டாபர்மேனும் பாக்ஸரும் என்று முடிவு வந்தது. கிரேஹவுண்ட் சத்துவாச்சாரிக்கு எப்படி வந்தது என்று யோசித்தபடியே இருந்தேன். பெரிய தொகுப்பு வைத்திருக்கும் இன்னொன்று, ஏறக்குறைய முழுவதும் தெற்காசிய கிராமத்து நாய் என்றது, அதாவது நம் தெரு நாய். எனக்கு இரண்டாவது மேல்தான் நம்பிக்கை. ஆனால் அதன் இனப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன், சிப்பிப்பாறை அதில் இல்லை. ஆகவே பால்காரர் சொன்னது பொய் என்று அந்த அறிக்கை நிரூபிக்கவில்லை. அதை அது கேட்கவே இல்லை.

படம் கேட்டது எனக்கு அப்போதே உறுத்தியது. 2024-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 12 தூய இன நாய்களின் எச்சிலை 6 நிறுவனங்களுக்கு அனுப்பி, படத்தில் வேண்டுமென்றே வேறு நாயையும் காட்டிச் சோதித்தார்கள். ஒரு நிறுவனத்தின் பதில் எச்சிலைவிடப் படத்தோடு ஒத்துப்போனது. அதனால் படம் கேட்டால் கொடுக்காதீர்கள். படம் இல்லாமல் முடியாது என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

குணம் பற்றி ஒரு வார்த்தை. நாய்க்கு நாய் நடத்தையில் உள்ள வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தை வைத்து விளக்க முடியும் என்று 2022-ல் சயன்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வு காட்டியது. 2024 மார்ச்சில் மத்திய அரசு மூர்க்கமானவை என்று 23 இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் தடை செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது, கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. அப்படியொரு சட்டம் மறுபடி வந்தால், இந்தச் சதவீதங்களை நம்பி ஒரு நாயின் தலையெழுத்தை எழுதுவார்களே என்ற பயம் எனக்கு நிஜமாகவே உண்டு.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? காசு கொடுத்து இனக்குட்டி வாங்கினால் காகிதம், சந்தேகம் வந்தால் தாய் தகப்பன் சோதனை. கோலி என்ற மேய்ப்பு நாய் இனத்தின் சாயல் உள்ள நாய்க்குச் சொறி வந்து, மருத்துவர் ஐவர்மெக்டின் தரலாம் என்றால், இனச் சதவீதத்தை விட்டுவிட்டு எம்.டி.ஆர்.1 மரபணுவை மட்டும் சோதிக்கச் சொல்லுங்கள். அந்த மாற்றம் உள்ள நாய்க்கு அந்த மருந்தின் அதிக அளவு மூளையைத் தாக்கும். தெருவிலிருந்து வந்த குட்டிக்கு முதல் செலவு தடுப்பூசி. அப்புறமும் ஆசை இருந்தால், கிராமத்து நாய்கள் தொகுப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்பலாம், ஐந்து சதவீதத்துக்குக் கீழே வரும் இனங்களை விட்டுவிடலாம். செவலையின் மருத்துவ அட்டையில், இனம் என்ற இடத்தில், நாட்டு நாய் என்றே எழுதச் சொன்னோம்.