துருவேறிய ஜி.ஐ. குழாய்களை முழுமையாக மாற்றித் தந்த பிளம்பிங் சேவை: சேலம், அம்மாபேட்டை

அம்மாபேட்டையில் உள்ள எங்கள் பழைய வீட்டில், மேல்நிலைத் தொட்டியிலிருந்து குளியலறைக்கும் சமையலறைக்கும் இறங்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்கள் அனைத்தையும் அண்மையில் மாற்றினோம். காலையில் முதலில் வரும் தண்ணீர் செம்பழுப்பாக இருப்பதும், தொட்டி நிறைந்திருந்தும் சமையலறையில் நூல்போல ஒழுகுவதும் நெடுநாளைய குறைகள். முன்பு வந்தவர்கள் கசிந்த இடத்தை மட்டும் வெட்டிப் புதுத் துண்டு பொருத்துவார்கள்; சில மாதங்களில் அதற்குப் பக்கத்திலேயே கசியும்.

இம்முறை வந்த பிளம்பர், கூலி பேசுவதற்கு முன்பே குழாய் திரும்பும் இடத்தில் உள்ள ஒரு எல்போ இணைப்பைக் கழற்றி உட்புறத்தைக் காட்டினார். துத்தநாகப் பூச்சு அழிந்த இடங்களில் இரும்பு துருப்பிடித்து மேடாகி, அதன்மீது போர் தண்ணீரின் உப்பும் படிந்து, முக்கால் அங்குலக் குழாயில் பென்சில் நுழையும் அளவுக்கே வழி இருந்தது. மேட்டூர்த் தண்ணீர் வராத நாள்களில் போர் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும் வீட்டுக்காரர்கள், குழாயின் வெளிப்பூச்சைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம்.

ஐ.எஸ். 15778 என்ற இந்தியத் தர எண் அச்சிட்ட சி.பி.வி.சி. (குளோரின் கூட்டிய பி.வி.சி. பிளாஸ்டிக்) குழாயையே அவர் பயன்படுத்தினார். அது 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்பதால் கீசர் வழிக்கும் பொருந்தும், சாதாரண பி.வி.சி. வெந்நீருக்கு ஆகாது. மொட்டை மாடியில் வெயில் படும் பகுதிக்கு, ஆயில் பெயிண்ட் தவிர்த்து, தண்ணீர் கலந்து அடிக்கும் வெள்ளைப் பெயிண்ட் பூசினார். ஒவ்வோர் அறைக்கும் தண்ணீரைத் திறந்து மூடும் தனி பால் வால்வு (ball valve) வைத்ததால், இனி ஒரு குழாயைப் பழுதுபார்க்க வீடு முழுவதற்கும் தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை.

நான் மிகவும் மதிப்பது அவர் செய்த அழுத்தச் சோதனையைத்தான். குழாய்களை ஒட்டும் பசையான சால்வென்ட் சிமென்ட் நன்றாகக் காயும்வரை பொறுத்திருந்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்பதை எங்களுக்குக் காட்டிய பிறகே சுவரைப் பூச அனுமதித்தார். பூசிய சுவருக்குள் கசிவு இருந்தால் மறுபடியும் உடைப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே எந்த பிளம்பரிடமும் இச்சோதனையை வற்புறுத்திக் கேளுங்கள்.

குறையும் உண்டு. கொத்தனார் கூலியும் டைல்ஸ் செலவும் மதிப்பீட்டில் சேரவில்லை என்பதைச் சுவர் உடைத்த பின்னரே சொன்னார். பழைய டைல்ஸின் நிறம் கடைகளில் கிடைக்காததால் குளியலறைச் சுவரில் ஒட்டு தனியாகத் தெரிகிறது. வேலையின் தரத்துக்காக இவரையே மீண்டும் அழைப்பேன். ஆனால் பூச்சு வேலையின் செலவையும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வேன்.